பிரிபோ சித்தப்பாவும் துவைத்த சட்டையும்

மரேக்கோ காணாமல் போய் நான்கு நாட்கள் ஆகிவிட்டன.

அவனுக்குப் பதினைந்து வயது. எங்கள் தீவில் தொலைந்துபோவது சுலபமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரே சாலை. யாராவது தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும்.

அதனால் மரேக்கோ தானாகத் தொலையவில்லை, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று ஊர் முடிவுகட்டியது. அந்த யாரோ பிரிபோதான் என்று நேற்று சாயங்காலம் முடிவுகட்டியது.

பிரிபோ, அகோயாவின் சித்தப்பா. அகோயாவுக்குப் பத்து வயது.

வியாழக்கிழமை காலை எல்லோரும் மனியாபாவில் கூடினார்கள். ஊர் கூடிப் பேசும் பெரிய கூரை அது. சுவர் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூண் உண்டு. அந்தக் குடும்பம் அந்தத் தூணடியில்தான் உட்காரும். பெரியவர்கள் பேசுவார்கள். சிறுவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அகோயா தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அவர்களுடைய தூணடிக்கு வரவில்லை. கூரையின் ஓரத்தில், மழைத்தண்ணீர் சொட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் தெற்கே வேறொரு தீவில் பிறந்தவர். சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். சித்தி போன வருடம் இறந்துபோனாள். அப்போதே அவர் தன் தீவுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. சித்தியைப் புதைத்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கற்களை அடுக்கினார். தினமும் அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

டபேரா அத்தைதான் முதலில் பேசினாள். எப்போதும் அவள்தான் முதலில் பேசுவாள்.

"என் கண்ணால பாத்தேன். மரேக்கோவோட சட்டை இவன் தோணிக்குள்ள இருக்கு. துவைச்சு மடிச்சு வச்சிருக்கான். இவன் தன் சட்டையவே எப்பத் துவைச்சான்? அடுத்தவன் சட்டைய எதுக்குத் துவைக்கணும்? அதுல ரத்தம் இருந்திருக்கும்."

"நல்ல கேள்வி," என்றார்கள் நாலைந்து பேர்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு அலறல் வேற கேட்டுச்சு."

"அது எங்க பன்னி, அத்தை. குட்டி போட்டுச்சு," என்றார் ஒருவர்.

"பன்னியாவே இருக்கட்டும். அது ஏன் அன்னிக்குப் பாத்து அலறணும்?"

தீவின் ஒரே போலீஸ்காரர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் டபேரா அத்தையின் மருமகன். மாமியார் பேசும்போது அவர் பேசுவதில்லை.

பிறகு மரேக்கோவின் அப்பா கமோரிகி எழுந்தார். அவர் எழுந்ததும் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"பிரிபோ, தெனமும் காலைல தோணிய எடுத்துக்கிட்டு அக்கரைத் திட்டுப் பக்கம் போற. ஒரு மீனும் கொண்டு வர்றதில்ல. அங்க என்ன பண்ற? நாங்களும் போய்த் திட்டு திட்டாக் கத்திப் பாத்துட்டோம். ஒரு நண்டு கூட எட்டிப் பாக்கல."

சித்தப்பா தலை நிமிர்ந்தார். "கமோரிகி அண்ணே, உங்க பையனுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யல. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாது."

"ஏன், வாய்ல கிழங்கா வச்சிருக்க?" என்றது ஒரு குரல்.

"தெக்குத் தீவுக்காரங்களே இப்படித்தான்," என்றது இன்னொரு குரல்.

பெரியவர் பெனியாமினா கையை உயர்த்தினார். "போதும். போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நாளைக்குக் கப்பல் வருது. அதுக்குள்ள அவன் பதில் சொல்லலன்னா, அவன் பொறந்த தீவுக்கே அவன் போகட்டும். அப்புறம் இந்த ஊர்ல அவனுக்கு இடமில்ல."

அகோயா அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா சாப்பிட வீட்டுக்கு வரவில்லை. கரையில் தன் தோணியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அகோயா ஒரு இலையில் மீனும் சுட்ட ஈரப்பலாவும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஊருக்குத் தெரியாது.

தினமும் விடியற்காலையில் சித்தப்பா தென்னை மரம் ஏறிப் பதநீர் இறக்குவார். பாட்டிலைக் கழுவி வைப்பது அகோயாவின் வேலை. எப்போதும் ஒரு பாட்டில்தான். நான்கு நாட்களாக இரண்டு. இரண்டாவது பாட்டில் தோணியில் நிறைந்து போகும். காலியாகத் திரும்பி வரும்.

"சித்தப்பா, ரெண்டாவது பாட்டில் யாருக்கு?"

"மீனுக்கு."

"மீன் பதநீர் குடிக்குமா?"

"தாகம் எடுத்தா குடிக்கும்."

"நேத்து அம்மா சுட்டதுல பாதி ஈரப்பலாவக் காணோம். அதுவும் மீனுக்கா?"

சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒருத்தர் என்கிட்ட புபுசி கேட்டாங்க, அகோயா. கொடுத்துட்டேன்."

அகோயாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தீவில் ஒருவர் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, 'புபுசி' என்று சொல்லி எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். கேட்பவர் சின்னவரா பெரியவரா என்று பார்க்கக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. டபேரா அத்தை ஒருமுறை அம்மாவின் புதுப் பானையைக் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பிறகு இரண்டு நாள் அழுதாள்.

"என்ன கொடுத்தீங்க?"

"வாயை."

"யாருக்கு?"

"அதைச் சொல்லத்தானே வாய் வேணும்."

மரேக்கோ உயிரோடு இருக்கிறான். பதநீர் குடிக்கிறான். ஈரப்பலா தின்கிறான். அகோயாவுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே கோபம் வந்தது.

"நாளைக்கு உங்களக் கப்பல்ல ஏத்திட்டா, அந்த ரெண்டாவது பாட்டில யார் கொண்டு போவாங்க?"

சித்தப்பாவின் முகம் மாறியது. அதை அவர் யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது.

அகோயா எழுந்து நடந்தாள். ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? நம்புவார்களோ மாட்டார்களோ. நம்பினால், வாயைக் கொடுத்துவிட்டு ஒரு குழந்தையிடம் உளறிவிட்டான் என்று சித்தப்பாவைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் இங்கே இருந்தாலும் தலை நிமிர மாட்டார்.

அவள் மெதுவாக நடந்தாள். சித்தப்பா வாயைத்தானே கொடுத்திருக்கிறார்? தோணியைக் கொடுக்கவில்லையே?

மதியம் மறுபடியும் கூட்டம் கூடியது.

"கடைசியாக் கேக்குறேன், பிரிபோ," என்றார் பெரியவர் பெனியாமினா. "சொல்லு."

சித்தப்பா முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அப்ப நாளைக்குக் கப்பல்ல..."

அகோயா எழுந்தாள். அம்மா அவள் பாவாடையைப் பிடித்தாள். அது கையிலிருந்து நழுவிவிட்டது. பெரியவர்கள் முன்னால் நடக்கும்போது குனிய வேண்டும். அகோயா நன்றாகக் குனிந்து, எல்லோரையும் கடந்து போய், சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏய், இது பெரியவங்க பேசுற எடம்," என்றாள் டபேரா அத்தை.

அகோயா திரும்பவில்லை.

"சித்தப்பா, புபுசி."

பெரியவர் பெனியாமினா அவளையே பார்த்தார். "புபுசி கேக்க வயசு வேண்டாம். கேளு, புள்ள."

"உங்க தோணியில என்னை ஏத்திக்கங்க. காலைல போற எடத்துக்கு இப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

சித்தப்பா எழுந்து கையை நீட்டினார்.

கமோரிகியும் எழுந்தார். "நானும் வரேன்."

"வேணாம் மாமா," என்றாள் அகோயா. "நான் மட்டும்தான் கேட்டேன்."

"கேட்டது அவ. அவ போகட்டும்," என்றார் பெரியவர். "நீ உக்காரு, கமோரிகி."

அக்கரைத் திட்டில் தாழம்புதர்களுக்குப் பின்னால் ஓலையால் ஒரு சின்னக் குடிசை இருந்தது. அதன் வாசலில் மரேக்கோ குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு நண்டுகளுக்குப் பந்தயம் வைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பாவின் சட்டையைப் போட்டிருந்தான். அது அவனுக்கு முழங்கால் வரை வந்தது.

அகோயாவைப் பார்த்ததும் எகிறி எழுந்தான். "சித்தப்பா, சொல்லிட்டீங்களா?"

"அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லல," என்றாள் அகோயா. "அதனாலதான் நாளைக்கு அவர ஊரை விட்டு அனுப்பப் போறாங்க. அவர் உன்னைக் கொன்னுட்டாராம்."

"என்னையா? நான் இங்க இருக்கேனே."

"அது உனக்குத் தெரியும். நண்டுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

மரேக்கோ சித்தப்பாவைப் பார்த்தான். "தெனமும் வந்தீங்களே. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எனக்காகத் திரும்பி வருவ," என்றார் சித்தப்பா. "அது, கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற மாதிரி."

மரேக்கோ மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குக் கடல் ஒத்துக்காது, அகோயா. ஆட்டம் கண்டாலே வயித்தைப் பொரட்டும். இங்க வரும்போதே சட்டை பாழாப்போச்சு."

"அந்தச் சட்டைல ரத்தம்னு ஊரே பேசுது."

"ரத்தமில்ல. மீனும் சோறும். சித்தப்பாதான் துவைச்சுக் கொடுக்கறேன்னாரு."

அகோயாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"சனிக்கிழமை தோணிப் பந்தயம். அப்பாவோட புதுத் தோணியில நான்தான் சுக்கான் பிடிக்கணும். ரெண்டு ஊரும் பாக்கும். நடுவுல நான் வாந்தி எடுத்தா, அப்பா எப்படி வெளிய தலை காட்டுவாரு? பந்தயம் முடியற வரைக்கும் இங்க இருந்துட்டு ஞாயித்துக்கிழமை வந்துடலாம்னு இருந்தேன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் அகோயா. "என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணிக்க. ஆனா உங்க அப்பா கண்ணு எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணு."

மரேக்கோ எழுந்து நண்டுகளைப் புதருக்குள் விட்டான். தோணியில் ஏறி, கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"இது காயல்தானே? குளம் மாதிரி இருக்கு," என்றாள் அகோயா.

"குளம் ஆடுது," என்றான் மரேக்கோ. அதோடு தலையை வெளியே தொங்கவிட்டான். அகோயா அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

கரையில் ஊரே நின்றது. தோணியில் மூன்று தலைகள் தெரிந்ததும் கமோரிகி தண்ணீருக்குள் நடந்து வந்தார். இடுப்பு வரை நனைந்தார். மகனைத் தோணியிலிருந்து தூக்கினார். பதினைந்து வயதுப் பையனைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மனியாபாவில் மரேக்கோ நடுவில் நின்று தானே எல்லாவற்றையும் சொன்னான். வயிறு, சட்டை, சுக்கான், எதையும் விடவில்லை. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். கமோரிகி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒரு தோணிக்குச் சுக்கான் பிடிக்க நூறு பேர் வருவான்டா," என்றார் கமோரிகி. மகனின் தலையில் கை வைத்தபடி பிரிபோவைப் பார்த்தார். "தம்பி, உன்னை நான் தப்பாப் பேசிட்டேன்."

"புள்ளயக் காணோம்னா யாரும் பேசத்தான் செய்வாங்க, அண்ணே," என்றார் சித்தப்பா.

"நான் அப்பவே சொன்னேன், பிரிபோ நல்லவன்னு," என்றாள் டபேரா அத்தை.

போலீஸ்காரர் குறிப்பேட்டைப் புரட்டினார். "எப்ப சொன்னீங்க, அத்தை? எழுதியிருக்கேனான்னு பாக்கறேன்."

பெரியவர் பெனியாமினா இருமினார். "நாளைக்குக் கப்பல் வரட்டும். அரிசிய எறக்கிட்டு அது பாட்டுக்குப் போகட்டும். இங்கேருந்து யாரும் ஏற வேண்டாம்."

அகோயாவின் அம்மா தூணடியில் பாயை விரித்துக் கையால் தட்டினாள். "எவ்வளவு நேரம் அந்த ஓரத்துலயே உக்காந்திருப்ப? இங்க வா." சித்தப்பா வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு பெரிய விஷயம் தொடங்கியது. சனிக்கிழமை யார் சுக்கான் பிடிப்பது? ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். குரல்கள் உயர்ந்தன. பன்னி வளர்ப்பவர் தன் தம்பிதான் என்றார். டபேரா அத்தை தன் மருமகன்தான் என்றாள். மருமகன் குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அகோயா திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய இரண்டு கால்களும் பெரியவர்களை நோக்கி நீண்டிருந்தன. மனியாபாவில் யாரும் அப்படிக் கால் நீட்டக் கூடாது. அகோயா பதறிப்போய் அவர் கால்களை மடக்கக் குனிந்தாள்.

"விடு, புள்ள," என்றார் பெரியவர் பெனியாமினா. "நீட்டட்டும்."

அவர் தன் உதட்டில் விரலை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த ஊர், தோணிப் பந்தயத்தைப் பற்றிக் கிசுகிசுப்பான குரலிலேயே சண்டை போட்டது.