பத்தொன்பதாவது அத்தியாயம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு எழுத்தாளர் தன் இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல் தட்டு காலியாக இருந்தது. நேற்று வரை நீல அட்டை போட்ட ஒரு நோட்டு அங்கே இருந்தது. நாளை காலைக்குள் அந்த நோட்டு கோர்ட்டுக்குப் போகாவிட்டால், திங்கட்கிழமை ஒரு மனிதனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்.

ஒன்பதரைக்கு அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய கையெழுத்தை எந்த நீதிபதியும் சந்தேகப்பட்டதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

"போலீஸ் வேண்டாம் அண்ணே. குடும்ப மானம் போயிடும். நோட்டு திருடுபோனது உண்மைதான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். கோர்ட்டு நம்பும்."

"முதல்ல விசாரிக்கிறேன். எழுதுறது அப்புறம்."

வழக்கு ஊரறிந்தது. இரும்புக்கடை முதலாளியை அவருடைய கிடங்குக் காவலாளி கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டான். அடித்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அன்று அவனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல். அன்றிரவே அவனை ஜெயிலில் அடைத்தார்கள்; ஜெயில் டாக்டர் தினமும் குறிப்பு எழுதி வைத்தார்: ஜன்னி கண்டிருக்கிறது, இருக்கும் இடம் தெரியவில்லை, என்னையே 'அம்மா' என்று கூப்பிடுகிறான். அவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. டாக்டர் இறந்தபின் அவர் மகள் அந்த நோட்டை எழுத்தாளரிடம் கொடுத்தாள். எழுத்தாளர் இந்த வழக்கைத்தான் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். தூக்கை நிறுத்தக் கேட்டு மனு போட்டிருந்த காவலாளியின் வக்கீலுக்கு நோட்டைத் தருவதாக வாக்குக் கொடுத்துப் பத்து நாள் ஆகிவிட்டது.

"நகல் எடுத்தியா?"

"எடுக்கணும் எடுக்கணும்னே இருந்தேன்."

"சாவி எத்தனை?"

"ஒண்ணு. நேத்து சாயங்காலம் மேஜைமேல வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா செத்துப்போன முதலாளியோட மகன் இங்க உக்காந்திருந்தான். தூக்கு நடக்கணும்னு அவனுக்குத்தானே ஆசை?"

"புத்தகம் எந்த அளவுல இருக்கு?"

"பதினெட்டு அத்தியாயம் முடிஞ்சுது. பத்தொன்பதாவது கடைசி. மனு என்னாகுதுன்னு தெரியாம அதை எப்படி எழுதுறது? ஒரு வரிகூட எழுதல."

வாசலில் ஒரு பெண் நின்றாள். காவலாளியின் அக்கா, தையல்காரி. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பத்து நாளாகத் தினமும் வந்து நோட்டைக் கேட்பவள்.

"கிடைச்சிடுமா ஐயா?"

"உக்காரும்மா. நாளைக்குப் பத்தரைக்குத்தான் மனு விசாரணை. அது வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் அண்ணன்.

பத்தே காலுக்கு அந்தப் பெரியவர், எழுத்தாளரின் அண்ணன், இரும்புக்கடையில் இருந்தார். முதலாளியின் மகன் ஆணிகளை எடை போட்டுக்கொண்டே பேசினான்.

"போனேன். புத்தகத்துல எங்கப்பாவைக் கஞ்சன்னு எழுதாதீங்கன்னு சொல்லப் போனேன். அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

"நோட்டு பத்தித் தெரியுமா?"

"தெரியும். புத்தி தெளிஞ்சிருந்தா என்ன, கலங்கியிருந்தா என்ன? எங்கப்பா திரும்பியா வருவாரு?"

"வரமாட்டார். கை மட்டும் செஞ்சுதா, புத்தியும் சேர்ந்து செஞ்சுதான்னு கேக்கறதுக்குத்தான் கோர்ட்டு இருக்கு."

"அப்போ அங்கயே கேக்கட்டும். திருடி ஜெயிக்க நான் என்ன சீட்டா ஆடறேன்? வேணும்னா வீட்டைச் சோதனை போட்டுக்குங்க. எங்கம்மாகிட்ட மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீங்க."

பெரியவர் சோதனை போடவில்லை. பதினொன்றுக்கு எழுத்தாளரின் புத்தகம் அச்சாகும் அச்சகத்துக்குப் போனார். அங்கே மேஸ்திரியை எல்லாரும் 'மசி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எத்தனை சோப்பு போட்டாலும் மசி போகல ஐயா. துவைச்சுத் துவைச்சுப் பொண்டாட்டிதான் பாதியா இளைச்சுட்டா" என்று சிரித்தார் மசி.

"தம்பி புத்தகம் நடக்குதா?"

"முகப்புப் பாரம் காயுது, பாருங்க."

பலகையில் பெரிய தாள்கள் விரிந்திருந்தன. புத்தகப் பெயர், சமர்ப்பணம், பொருளடக்கம். பெரியவர் பொருளடக்கத்தை விரல் வைத்துப் படித்தார். பதினெட்டாவது அத்தியாயம், பக்கம் 219. பத்தொன்பதாவது, 233. பின்னிணைப்பு, 247. ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.

"கூட வாய்யா மேஸ்திரி. கை கழுவ வேண்டாம்."

பன்னிரண்டு மணிக்கு எழுத்தாளரின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். தையல்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"திருடன் கிடைச்சானா அண்ணே?"

"கிடைச்சான். நீதான்டா."

எழுத்தாளர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"பொருளடக்கம் புத்தகத்தோட முதல்ல இருக்கு. அதனால அதைத்தான் முதல்ல அடிப்பாங்கன்னு எல்லாரும் நினைப்பாங்க. அது தப்பு. எல்லாப் பக்கமும் முடிஞ்சாத்தான் எண் போட முடியும். முகப்பைக் கடைசியாத்தான் அடிப்பாங்க. அப்படித்தானே மேஸ்திரி?"

"ஆமாங்க."

"பத்தொன்பது 233-ல ஆரம்பிக்குது. பின்னிணைப்பு 247-ல. நடுவுல பதினாலு பக்கம். ஒரு வரிகூட எழுதலன்னியே, அந்தப் பதினாலு பக்கத்துல என்னடா இருக்கு?"

எழுத்தாளர் மசியைப் பார்த்தார். மசி தரையைப் பார்த்தார்.

"தூக்குல போடறதுதான் இருக்குங்க. திங்கக்கிழமை விடியல், கயிறு, கடைசியா அவன் குடிச்ச தண்ணி, எல்லாம். போன வாரமே அடிச்சாச்சு. வெளிய சொல்லாதேன்னாரு."

தையல்காரியின் கை அளவு நாடாவை இறுக்கிப் பிடித்தது.

"போன வாரம் நோட்டு உன் அலமாரியில இருந்துது" என்றார் பெரியவர். "கோர்ட்டு அதைப் படிச்சா தூக்கு நிக்கலாம். அப்போ பதினாலு பக்கமும் குப்பை. அப்படியிருந்தும் துணிஞ்சு அடிச்சிருக்கே. நோட்டு கோர்ட்டுக்குப் போகாதுன்னு போன வாரமே தெரிஞ்சவன் ஒருத்தன்தான். நேத்து வந்த அந்தப் பையன் இல்ல."

எழுத்தாளர் தணிந்த குரலில் சொன்னார்: "தூக்குல முடிஞ்சாத்தான் அண்ணே படிப்பாங்க. அடுத்த வருஷம் நோட்டை வெளிய கொண்டாந்திருப்பேன். ஒரு நிரபராதியைக் கொன்னுட்டாங்கன்னு ரெண்டாவது புத்தகம். அவன் பேர் நின்னிருக்கும்."

"அவன் பேர் நிக்கறதுக்கு அவன் தொங்கணுமா?" என்று எழுந்தாள் தையல்காரி. "நீங்க எழுதறதுக்காகவா எங்கம்மா அவனைப் பெத்தா?"

"நோட்டு எங்கடா?"

திங்கட்கிழமை ஜெயில் வாசலுக்குப் போக எழுத்தாளர் ஒரு பயணப் பை கட்டி வைத்திருந்தார். அதை இழுத்துத் திறந்தார். சட்டைகளுக்கு அடியில் நீல அட்டை இருந்தது.

"அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்துதுன்னு சொல்லிடலாம் அண்ணே. உயிரும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்."

பெரியவர் நின்று யோசித்தார். அப்பா பெயரை யோசித்தார். பேத்திக்கு வரன் பார்ப்பதை யோசித்தார்.

"நோட்டு பத்து நாள் யார் கையில இருந்துதுன்னு அரசு வக்கீல் கேப்பான். ஒரு இடத்துல பொய் சொன்னா, டாக்டர் எழுதினதும் நீ திருத்தி எழுதினதுதான்னு சொல்லிடுவான். அந்தப் பொய்யில முதல்ல சாகறவன் இவ தம்பி. என் கையெழுத்தை மறைப்பாப் பிடிச்சுக்கத்தானே என்னைக் கூப்பிட்டே? குடுக்கறேன். நடந்தது நடந்தபடி எழுதி."

புதன்கிழமை பத்தரைக்கு அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். முப்பத்தோரு வருஷம் அந்தக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"நோட்டை மறைத்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"கூடப்பிறந்த தம்பி" என்றார் பெரியவர், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி.

பதினொன்று ஐம்பதுக்கு நீதிபதி தூக்கை நிறுத்திவைத்தார். கொலை நடந்த அன்று காவலாளியின் புத்தி தெளிவாக இருந்ததா என்று மறுபடி விசாரிக்க உத்தரவிட்டார்.

தாழ்வாரத்தில் தையல்காரி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"உங்க தம்பியை என்ன பண்ணப் போறீங்க ஐயா?"

"புகார் எழுதிட்டேன். ஸ்டேஷனுக்குப் போறேன். அவன் நல்ல புத்தியோடதான் செஞ்சான். தண்டனை உண்டு. உயிரோட இருந்து அனுபவிக்கட்டும்."

படிகளில் அவர் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார்.