கண்ணாடி இல்லாமல் ஒரு கபடி

“குனிங்க! குனிங்க!” என்று கத்தினான் தாரணியின் தம்பி சந்துரு.

டிவியில் ஒரு கபடி வீரர் தாவினார். அவருடைய கால் திரையை விட்டு வெளியே வந்து, தாரணியின் மூக்குக்கு நேராக நின்றது போல இருந்தது. கண்ணாடி போட்டிருந்த எல்லோரும் தலையைக் குனிந்தார்கள்.

மைசூரில் அந்தத் தெருவிலேயே முப்பரிமாண டிவி இருந்தது தாரணி வீட்டில் மட்டும்தான். அப்பா சுரேந்தர், புது ஸ்கூட்டருக்குச் சேர்த்த பணத்தில் அதை வாங்கியிருந்தார். இன்று இறுதிப் போட்டி. கர்நாடக அணி ஆடுகிறது. மாடி வீட்டு லிங்கப்பன் மாமாவும், தாரணியின் தோழி வைஷாலியும் வந்திருந்தார்கள்.

கண்ணாடிகள் ஐந்துதான். அம்மா கண்ணாடி இல்லாமல் பார்த்தாள்.

“ஏனுங்க, எனக்கு ஆளுக்கு ரெண்டு தலை தெரியுதுங்க!” என்றாள்.

“கொஞ்சம் பொறு. உன் முறை வரும்” என்றார் அப்பா.

மறுபடியும் ஒருவர் தாவினார். எல்லோரும் குனிந்தார்கள். வைஷாலியும் குனிந்தாள். ஆனால் மற்றவர்கள் நிமிர்ந்த பிறகு!

சந்துரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வைஷாலி அக்கா லேட்டு!”

வைஷாலியின் முகம் வாடியது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். “எனக்கு ஹோம்வர்க் இருக்கு. நான் பர்த்தீனி” என்று கன்னடத்தில் விடைபெற்று வாசலுக்கு நடந்தாள்.

தாரணி பின்னாலேயே ஓடினாள். “கபடின்னா உனக்கு உயிராச்சே! ஏன் போறே?”

வைஷாலி தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். “என் இடது கண்ணு சின்ன வயசிலேர்ந்தே சரியாத் தெரியாது. உங்களுக்கெல்லாம் ஏதோ வெளியே வருது. எனக்கு ஒண்ணுமே வரல. உங்களைப் பார்த்துத்தான் குனிஞ்சேன். யார்கிட்டயும் சொல்லாதே, ப்ளீஸ்.”

“சொல்ல மாட்டேன். ஆனா போயிடாதே. ஒரே நிமிஷம்!”

தாரணி உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில்தான் எவ்வளவு பெருமை! ஆனாலும் கையைத் தூக்கினாள்.

“அப்பா, இந்தக் கண்ணாடி போட்டா எனக்குத் தலை வலிக்குது. டிவி வந்த நாள்லேர்ந்தே வலிக்குது.”

அப்பாவின் முகம் சுருங்கியது.

அப்போது லிங்கப்பன் மாமா கனைத்தார். “சுரேந்தர், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் வயித்தைப் புரட்டுது. நீங்க ஆசையாக் கூப்பிட்டீங்களேன்னு சும்மா இருந்தேன்.”

“எனக்கும் கண்ணு எரியுது” என்றான் சந்துரு.

எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் தேய்த்தார்.

“நேத்து நானும் தலைவலி மாத்திரை போட்டேன், கண்ணு. இவ்வளவு பணம் கொடுத்துட்டு எப்படிச் சொல்றதுன்னுதான்...”

அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். தாரணி ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் சாதாரணமாக மாறியது. பளிச்சென்று, தெளிவாக!

“ஒரே தலைதான்!” என்று மகிழ்ந்தாள் அம்மா.

தாரணி, வைஷாலியை இழுத்து வந்து டிவிக்கு எதிரே உட்கார வைத்தாள்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. கர்நாடக வீரர் எதிரணி ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். நான்கு பேர் அவர்மேல் விழுந்தார்கள்.

“போச்சு! பிடிச்சுட்டாங்க!” என்று தலையில் கை வைத்தார் லிங்கப்பன் மாமா.

“இல்லை மாமா!” வைஷாலி துள்ளி எழுந்தாள். “விரலைப் பாருங்க! நடுக்கோட்டைத் தொட்டுட்டார்!”

“உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?” என்றான் சந்துரு.

திரையில் அந்தக் காட்சி மெதுவாக மறுபடி ஓடியது. ஆட்களின் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. விரல் நுனி கோட்டின்மேல் இருந்தது. நடுவர் விசில் ஊதினார்.

கர்நாடகம் வென்றது!

“சக்கத் கண்ணும்மா உனக்கு! பிரமாதம்!” என்று வைஷாலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார் லிங்கப்பன் மாமா. சந்துரு சோபாவில் ஏறிக் குதித்தான். அம்மா கரண்டியால் தட்டில் தாளம் போட்டாள்.

“அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துடணும், வைஷாலி” என்றார் அப்பா.

“வர்றேன் அங்கிள்” என்றாள் வைஷாலி. “ஆனா முன்னாடி இடம் எனக்கும் தாரணிக்கும்தான்!”