தட்டாமல் திறந்த கதவு

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்மஸ். மலாக்காவின் காஜா பேராங்கிலிருந்து கிளம்பிய சீதா, கேமரன் மலையின் தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பட்டப்பகலிலேயே மூடுபனி ரோட்டை விழுங்கியிருந்தது. அங்கே விருந்தினர் பங்களாவுக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. பழைய சமையல்காரன் மருதமுத்து போன கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ராத்திரி செத்துப்போயிருந்தான். அவன் பெண்டாட்டிதான் சீதா என்பது பங்களாவின் கணக்குவழக்கைப் பார்க்கும் கிராணி ஜெயபாலனுக்குத் தெரியாது. அவளும் மூச்சு விடவில்லை.

அன்று கேக்குக்கு வெண்ணெய் வாங்கப் போன மருதமுத்து, மழையில் மாட்டிக்கொண்டு அவசரகால ஊரடங்கு நேரத்தில் திரும்பினான். பின்கதவு சாத்தியிருந்தது. தட்டினான், கெஞ்சினான். லேட்டாக வந்தவனுக்குப் புத்தி வரட்டும் என்று கிராணி திறக்காமல், கிராமபோன் பாட்டைச் சத்தமாக வைத்தானாம். பங்களாத் தோட்டக்காரர்தான் பிறகு சீதாவிடம் சொன்னார். மருதமுத்து ஏற்கனவே காய்ச்சல்காரன், விடியும்போது படியிலேயே விறைத்துக் கிடந்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று போலீசிடம் சொல்லி ஜெயபாலன் கையைக் கழுவிக்கொண்டான்.

கேட்டது என்று அந்த வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். சீதா மலையேறியது அதற்குத்தான்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பங்களா ஜோராக இருந்தது. வாசலில் காகித நட்சத்திரம். மரக்கிளையில் பஞ்சை ஒட்டிவைத்து, பனி என்றார்கள். கீழே மாதா கோயிலில் பிள்ளைகள் பாட்டுப் பழகினார்கள். அடுப்பில் கேக் வெந்து கிராம்பு மணத்தது.

சாயங்காலம் சீதா சாமான் அறையில் இலை போட்டாள். சோறு, நெத்திலி சம்பல், மருதமுத்துவுக்குப் பிடித்த கடுங்கோப்பி. அவன் இருந்தவரை வாயில் வராத பெயரை அன்று உரக்கச் சொல்லி அழைத்து, கதவைச் சாத்தினாள். படையல் வைத்த அறையைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். உள்ளே சாப்பிடுகிறவர் எழுந்திருக்க நேரம் கொடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

பாட்டில் எடுக்க ஜெயபாலன் வந்தான். ஏற்கனவே கொஞ்சம் ஏறியிருந்தது.

"கதவத் தட்டிட்டுத் தெறங்கய்யா. உள்ள ஆள் சாப்பிடுது."

"என் பங்களாவுல நான் கதவத் தட்டணுமா? நல்ல கதையா இருக்கே!"

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சீதா சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள்.

அவன் உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது.

அடுப்பங்கரையில் கிராம்பு மணம் போய் ஈரத்துணி வாடை அடித்தது.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

"சீதா, தெற! கதவு வரமாட்டேங்குது!"

அவன் குரலுக்குப் பின்னால், மெல்ல, இன்னொரு குரல்.

"ஐயா... தெறங்கய்யா. குளிருதுய்யா."

சீதா கதவில் காதை வைத்தாள். ஒரு வருஷமாக அவள் ஏங்கிய குரல்.

"கேட்டுச்சுடா மருதமுத்து! அன்னிக்கு நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு! விட்டுடுறா!"

அவள் வந்த வேலை முடிந்துவிட்டது. கதவைத் தள்ளக் கையை நீட்டினாள். அப்போதுதான் அந்தப் பின்கதவுப் படி நினைவுக்கு வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய்க் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, கிறிஸ்மஸ் பாட்டுத் தட்டை வைத்தாள். பிறகு கேக்கை இறக்கினாள்.

விருந்தினர்கள் வந்து தள்ளியபோது கதவு சுலபமாகத் திறந்தது. ஜெயபாலன் இலைக்கு எதிரே உட்கார்ந்தபடி விறைத்துச் செத்திருந்தான். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட ஈரம். கூரையில் ஓர் ஒழுகலும் இல்லை. கோப்பிக் கோப்பை காலியாக இருந்தது.

சீதா காஜா பேராங்குக்கே திரும்பிவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கு முதல் நாளும் புருஷனுக்குப் படைப்பாள். மரியாதையாகத் தட்டித் திறப்பாள். கோப்பை காலியாக இருக்கும். இலையை எடுத்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்துவாள்.

அதன் பிறகுதான் அந்த வெற்று அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் ஆரம்பிக்கும். அது மருதமுத்துவின் குரல் இல்லை.

"சீதாம்மா... தெறம்மா. குளிருது."

காஜா பேராங் வெக்கையில் குளிர் ஏது?

சீதா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.