ஆறாத மாவுக்கட்டு

மாவுக்கட்டு இன்னும் ஆறவில்லை.

காலையில் ஜிப்சம் மாவைக் குழைத்து, தோண்டியெடுத்த எலும்பின்மேல் பூசியது. மாவு இறுகும்போது சூடு பிறக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். கை வைத்தால் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் தொட்டதுபோல இதமாகக்கூட இருக்கும். ஒரு கெண்டித் தண்ணீருக்கு மாத்தே இலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். ஆனால் வெயில் சாய்ந்து, பள்ளத்தாக்கின் செம்மண் சுவர்கள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் போன பிறகும், நேலிதாவின் உள்ளங்கைக்குக் கீழே அந்த வெதுவெதுப்பு குறையவே இல்லை. நாள் முழுக்க வெயிலில் கிடந்த சூடுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, வெயிலே படாத அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே இன்னும் அதிகமாகச் சுட்டது.

அவளும் அவள் கணவன் எவரிஸ்தோவும் நெவ்கேன் பாலைநிலப் படுகையில் கல்லாகிப்போன பழங்கால எலும்பு தேடியே நரைத்தவர்கள். பாறை அடுக்குகளைப் படித்து வயது சொல்பவள் அவள். தோண்டியெடுத்து, ஈரக் காகிதம் ஒட்டி, மாவில் தோய்த்த சாக்குத் துணியால் சுற்றிக் கட்டுபவன் அவன். இந்த முறை அகப்பட்டது ஒரு தாடை. குழந்தைத் தொட்டில் அளவு இருந்தது. கிடைத்த இடம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அது பழைய கடலடி வண்டல், கறுப்பு அடுக்கு. சங்குகளும் சிப்பிகளும் கிடைக்கிற இடத்தில், தரையில் மேய்கிற விலங்குக்குரிய, அரைத்துத் தின்பதற்கென்று தட்டையான பற்களோடு ஒரு தாடை கிடந்தது. அது எலும்பே இல்லை, எலும்பு மாதிரி இருக்கிற கல் என்று அவள் சாதித்தாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

சண்டையைத் தீர்க்க இந்தத் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. பெரிய பேராசிரியர்களும் வெட்கப்படாமல் செய்கிற காரியம்தான். நாக்கை வைத்துப் பார்ப்பார்கள். கல்லாக இருந்தால் ஒட்டாது. எலும்பாக இருந்தால் அதிலுள்ள பொடித் துளைகள் எச்சிலை உறிஞ்சி நாக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளும்.

“நக்கிப் பாரேன், ஒல்லி. கல்லுன்னா இன்னிக்குச் சமையல் உன்னோடது” என்று காலையில், கட்டுப் போடுவதற்கு முன்னால், சீண்டினாள்.

அவன் நக்கினான். ஒட்டியது. லேசாக அல்ல. அவன் கைகளை உதறி, காலை ஊன்றி, கண்ணில் நீர் தளும்பத் தலையைப் பின்னால் இழுத்தபோது, அவன் வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிய்ந்து வந்த நாக்கில் ரத்தம் கசிந்தது. எலும்பில் விழுந்த ரத்தம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி மறைந்துபோனது.

கட்டுப் போட்டு முடித்ததும் தாகம் என்றான். முதலில் தன் தண்ணீரைக் குடித்தான், பிறகு அவளுடையதை, பிறகு மாவு குழைக்க வைத்திருந்த பீப்பாயில் வாயை வைத்தே குடித்தான். மாத்தே நீட்டியபோது வேண்டாமென்று தலையசைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் மாத்தேயை மறுத்து அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. இவ்வளவு குடித்தும் அவன் உதடு காய்ந்த சேறுபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒருமுறைகூட ஒதுங்கப் போகவில்லை. உள்ளே போன தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?

உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடலாம் என்றாள். மாவுக்கட்டை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாள். அவன் கேட்கவில்லை. பலகையைச் சாய்த்து வைத்து, ஒற்றை ஆளாக அதை வண்டியின் பின்தட்டில் உருட்டி ஏற்றினான். அதுவரை கையைத் தூக்கவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

சரளைச் சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டே போனது. காற்று நின்றிருந்தது. ஆண்டு முழுக்க ஊளையிடுகிற அந்தக் காற்று நின்றுவிட்டதால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது: சக்கரத்துக்கடியில் நொறுங்கும் கல், பக்கத்து இருக்கையில் அவன் இழுத்து இழுத்து விடும் மூச்சு, பின்தட்டில் ஈரத் துணியைப் பிழிவதுபோல ஏதோ ஒரு சத்தம். சேற்று வாடையும், அதற்குள் பச்சை இறைச்சி வாடையும் வந்தன. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளை மாவுக்கட்டு வியர்த்திருந்தது.

அவன் கையைப் பிடித்தாள். தோலுக்கடியில் சதை இருப்பதாகவே தெரியவில்லை. சொரசொரவென்று, இலேசாக, சில்லென்று இருந்தது. இவன் போய்விட்டால் தனக்கென்று யாருமில்லை என்ற நினைப்பில், “தூங்கிடாத, ஒல்லி. பேசிட்டே வா” என்றாள். அவன் வாயைத் திறந்தான். உள்ளே செம்மண் நிறத்தில் வறண்டு கிடந்தது. பேச்சு வரவில்லை.

ஊர் இன்னும் வெகு தூரம். கைபேசிக்கு உயிர் வருகிற இடமும் அதற்கருகில்தான். மேட்டுத் திருப்பத்தில், முன்னொரு காலத்தில் பாலைவனத்தில் தாகத்தால் செத்து, இப்போது தெய்வமாகக் கும்பிடப்படும் ஒரு தாய்க்கு லாரிக்காரர்கள் கட்டிய சின்னக் கோயில் கூண்டு தெரிந்தது. அதைச் சுற்றிலும் அவள் தாகம் தீரக் காணிக்கையாக வைத்துப்போன தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடந்தன. அதிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். நேலிதாவும் அதுவரை எடுத்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினாள்.

முதல் பாட்டில் காலி. அடுத்ததும் காலி. மூடிகள் திருகியது திருகியபடியே இருந்தன. உள்ளே ஒரு சொட்டு இல்லை. முழங்காலிட்டுக் குவியலைக் கலைத்தாள், பாட்டில்களை வாரி வாரி எறிந்தாள். கடைசியில், கூண்டின் பின்மூலையில், ஒன்றே ஒன்று கனத்தது. “மன்னிச்சுக்கோ, தாயே. அவனுக்காகத்தான்” என்று முனகிக்கொண்டு அதை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பினாள்.

மேற்கில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. முன்னிருக்கையில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முகம் சன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. கண்ணுக்குள் தூசி படிந்திருந்தது.

“கறுப்பி.”

அவன் குரல். அவளை அப்படிக் கூப்பிடுவது உலகத்திலேயே அவன் ஒருவன்தான். ஆனால் இருக்கையிலிருந்த வாய் அசையவில்லை.

“கறுப்பி, இங்க ஒரே இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது. தண்ணி குடு.”

குரல் பின்தட்டிலிருந்து வந்தது.

முன்னிருக்கையைப் பார்த்தாள். பின்தட்டைப் பார்த்தாள். இருக்கையில் இருப்பது வெறும் ஓடு. குரல் இருக்கிற இடத்தில்தானே உயிர் இருக்கும்? அவள் மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

“நீயா? நீதானா?”

“நீதான நக்கிப் பாருன்னு சொன்ன” என்று அது அழுதது. எவரிஸ்தோ அழுகிற மாதிரியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சீக்கிரம் குடு, கறுப்பி.”

அவளால் தாங்க முடியவில்லை. பின்தட்டில் ஏறினாள். மூடியைத் திருகினாள். சாக்குத் துணியின் மடிப்புகளுக்கு நடுவே ஒரு விரிசல் அவளுக்காகவே காத்திருப்பதுபோல விரிந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தாள்.

மடக்.

மடக். மடக்.

ஒரு சொட்டு வழியவில்லை. பாட்டில் காலியானது. மாவுக்கட்டு ஒருமுறை உப்பி, மெல்லத் தணிந்தது.

முன்னால், இருக்கையில், காய்ந்த தோல் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கழுத்து அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. உதடு பிளந்து செம்மண் உதிர்ந்தது.

“கறுப்பி” என்றான் அவன், கடைசி மூச்சில், உள்ளதையெல்லாம் திரட்டி. “தண்ணிய... யாருக்குக் குடுத்த?”

அவள் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள்.

“எனக்குத்தான்” என்றது அதே குரல், அவள் காலடியில், தொண்டை நனைந்து தெளிவாக.

சாக்குத் துணி கிழியத் தொடங்கியது.