மெருகுக்காரன்

ரிவால்வரின் கைப்பிடியில் இருந்த எழுத்தைக் காணவில்லை.

காஸிமிர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். யாரோ ஒருவன், தன் பெயரின் முதலெழுத்தாக இருக்கும், ஆணி முனையால் அந்த மரத்தில் கோணலாகக் கீறி வைத்திருந்தான். அவன் செத்து நூறு வருஷமாவது ஆகியிருக்கும். ஏலத்தில் வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ முறை ஜன்னலோரம் நின்று கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவியிருக்கிறார். இப்போது விரலில் எதுவும் தட்டவில்லை. மரம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்றிருந்தது.

யாராவது மாற்றி வைத்துவிட்டார்களோ என்று குழலுக்கு அடியில் வரிசை எண்ணைப் பார்த்தார். அதே எண்தான். கண்ணாடி அலமாரியின் சாவி அவருடைய பையில்தான் இருந்தது. வீட்டில் அவரையும் யாத்விகாவையும் தவிர ஆள் கிடையாது. யாத்விகா எழுந்து நடப்பவளும் இல்லை.

இலையுதிர் காலத்தில் வாதம் வந்து விழுந்தவள் அவள். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மாடி ஏற முடியாதென்று கட்டிலைக் கீழே, சாப்பாட்டு அறைக்குப் பக்கத்து அறையில் போட்டிருந்தார் காஸிமிர். கதவைத் திறந்து வைத்தால் கட்டிலிலிருந்தே அலமாரி தெரியும். நன்றாக இருந்த காலத்தில் அந்த அலமாரியைக் காட்டி வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க பொம்பளை பின்னாடி போவாங்க. என் ஆளு செத்தவன் துப்பாக்கி பின்னாடி போறான்."

அது உண்மைதான். சுடுவதில் அவருக்கு ஆசை கிடையாது. ஆற்றங்கரையில் என்றோ மூடிப்போன விட்கோம் கம்பெனியின் ரிவால்வர்களை மட்டும் தேடி வாங்குவார். எது எந்த மாதம் பட்டறையை விட்டு வெளியே வந்தது, எந்த ஊர்க் கடைக்குப் போனது, யார் இடுப்பில் தொங்கியது என்று கம்பெனியின் பழைய பதிவேடுகளில் தேடுவார். ஒவ்வொன்றின் துருவும், தேய்மானமும், உறையில் உரசி வெளுத்த இடமும் அவருக்கு மனப்பாடம். கீறல் இல்லாத துப்பாக்கிக்குக் கதை இல்லை என்பார். மகன் மாரெக் பள்ளிக்கூட வயதில் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து உள்ளே மூழ்கிப்போன வருஷத்தில்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் அவர் யாத்விகாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் மாதம், நாலரை மணிக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன. கணப்பு அடுப்பு அணைந்து அணைந்து எரியும் சத்தத்துக்கும் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தத்துக்கும் நடுவே, தரைக்குக் கீழே நிலவறையிலிருந்து வேறொரு சத்தம் மெல்ல எழுந்தது. தோலை இரும்பில் வைத்து இழுப்பது போல, நீளமாக, பொறுமையாக, அவசரமே இல்லாதவன் செய்கிற வேலையைப் போல. கூடவே கருகிய கொழுப்பும் இரும்புத் தூளும் கலந்த ஒரு வாசனை பலகை இடுக்குகள் வழியே ஏறி வந்தது. சத்தம் நின்றது. யாரோ இருமினார்கள். ஈரமான இருமல். பிறகு மறுபடி அந்த இழுப்பு.

விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார். நிலவறையில் பழைய சைக்கிளும் ஊறுகாய் ஜாடிகளும்தான் இருந்தன.

அடுத்த சில நாட்களில் அலமாரியில் இருந்தவை ஒவ்வொன்றாக மாறின. சுரங்கத் தொழிலாளி ஒருவனுடைய ரிவால்வரில் குழல் ஓரம் அரித்திருந்த துரு போயிற்று. ரயில் காவலாளி ஒருவன் தன் பெண்டாட்டி பெயரைப் பொறித்து வைத்திருந்த இடம் வெறும் நீல எஃகாகப் பளபளத்தது. எல்லாம் புதிதாகிக்கொண்டிருந்தன. அவருக்கு யாரோ கல்லறைக் கற்களில் பெயர்களைச் சுரண்டி எடுப்பது போல இருந்தது.

இரண்டு ரிவால்வர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு டெல்ஃபினைப் பார்க்கப் போனார். ஊரின் வரலாற்றுச் சங்கம் அவள் பொறுப்பில் இருந்தது. விட்கோம் கம்பெனியின் பதிவேடுகளை நூலகக் கட்டடத்தின் பின்னறையில் அவள்தான் காத்து வந்தாள். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம்.

"யார்கிட்ட குடுத்து மெருகு போட்டீங்க காஸ்? சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நானா? பழைய துப்பாக்கிக்கு மெருகு போடறவனை ஆத்துல தள்ளணும்னு சொல்றவன் நான்."

"அதான் எனக்கும் புரியல." பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். அவள் குரலில் கேலி குறைந்தது. "இது தேச்சு எடுத்த மெருகு இல்ல. தேச்சா ஓரமெல்லாம் மழுங்கும். இங்க பாருங்க, கத்தி மாதிரி நிக்குது. நேத்துதான் பட்டறையிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு."

"கீறல் போட்ட அந்த ரிவால்வர், போன மாசம் ஏலத்துல எடுத்தேனே. அது வந்த பிறகுதான் இதெல்லாம்."

வாங்கியபோதே அவர் கேட்டிருந்ததால், டெல்ஃபின் அதன் எண்ணைப் பதிவேட்டில் ஏற்கனவே தேடி வைத்திருந்தாள். "அதை வெளிய அனுப்பினதாவே இல்ல. சோதிக்கிறவர் திருப்பி அனுப்பியிருக்கார், மெருகு பத்தலைன்னு. திரும்பத் திரும்ப. அப்பல்லாம் முடிச்ச உருப்படிக்குத்தான் கூலி காஸ். ஒரு கீறல் இருந்தாலும் அதே ஆள்தான் மறுபடி உக்காந்து தேய்க்கணும். அந்த ரூம்ல வேலை செஞ்சவங்களுக்கு நெஞ்சு பூரா இரும்புத் தூள். இருமி இருமியே போய்ச் சேர்ந்தாங்க."

"அந்த ஆள் பேரு?"

"பேரு போடல. மெருகுக்காரன்னு மட்டும் இருக்கு." அவள் பதிவேட்டை மூடினாள். "யாத்விகா எப்படி இருக்கா?"

"அப்படியேதான்."

வீட்டுக்கு வந்து யாத்விகாவின் மரக்கரண்டியைக் கையில் எடுத்தவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் பீட்ரூட் சூப் கிளறிக் கிளறி ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்துபோன கரண்டி. அவளுடைய கை போன திசையெல்லாம் அதில் இருந்தது. இப்போது அது கடையிலிருந்து வந்தது போல நேராக, முழுதாக இருந்தது. பீட்ரூட் கறையும் இல்லை. அவர் அதை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தார். பச்சை மர வாசனை. வேறொன்றும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே அழுதார்.

மறுநாள் காலையிலேயே அந்தக் கீறல் ரிவால்வரை எடுத்துப் போய் டெல்ஃபினின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நிலவறையில் சத்தமே இல்லை. வாசனையும் இல்லை. நிம்மதியாகக் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தார். கரண்டியை நீட்டினார். யாத்விகா வாயைத் திறந்தாள்.

கஞ்சி ஒழுகவில்லை.

அவர் விளக்கைக் கிட்டே இழுத்தார். மாதக்கணக்கில் கன்னத்தின் மேல் சுருண்டு கிடந்த அந்தக் கோணல் பாதி சரியாகியிருந்தது. நெற்றியில் கோடுகள் குறைந்திருந்தன. வலது கையின் மூடிக்கிடந்த விரல்களில் ஒன்று விரிந்து, போர்வையைத் தட்டியது.

"காஸ்," என்றாள்.

குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் அவருடைய பெயர் அது.

அவர் நெடுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்டி தானாகப் புதிதானது எதனால் என்று தெரியும். இது எதனால் என்றும் தெரியும். ரிவால்வரை அனுப்பிவிட்டதால் இன்று அந்த வேலை நின்றுவிட்டது என்றும் தெரியும். விடிந்ததும், பனி அள்ளும் வண்டிகள்கூட வராத தெருவில் முழங்கால் வரை புதைந்து நடந்து போய் டெல்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அதைத் திருப்பிக் குடு."

"நேத்துதானே கொண்டாந்து வச்சீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"குடு டெல்ஃபின். கேள்வி கேக்காத."

அலமாரியில் வைக்கவில்லை. யாத்விகாவின் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தார்.

அதன் பிறகு வந்த நாட்களைப் போல சந்தோஷமான நாட்கள் அவர் வாழ்க்கையில் எப்போதோ ஒரு காலத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் தரைக்கு அடியில் அந்த நீண்ட இழுப்பு கேட்கும். அவர் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பார். ஒவ்வொரு காலையும் அவள் இன்னும் கொஞ்சம் திரும்பி வந்திருப்பாள். வாய் நேரானது. கால் மடங்கி நீண்டது. எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"நோயாளிக்குப் போடறதை எனக்கு ஏன் போடறே? உருளைக்கிழங்கு வச்சு பியரோகி கொழுக்கட்டை பண்ணு. வெங்காயம் நல்லா வறுத்துப் போடு."

"உனக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப்போறேன்!"

சிரித்தாள். பல்வரிசை முழுதாக இருந்தது. நரையில் கறுப்பு இறங்கியது. வாரம் ஒருமுறை வரும் செவிலியை வேண்டாமென்று ஃபோனில் சொல்லிவிட்டார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார். யாத்விகா அறைக்குள் நடந்தாள். அவர் தோளில் சாய்ந்து பழைய போல்கா நடன மெட்டு ஒன்றை முணுமுணுத்தாள். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அவளுக்கு நாற்பதுகூட மதிக்க முடியாது.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தார். அடிவயிற்றில் மாரெக்கைப் பெற்றபோது கிழித்துத் தைத்த தழும்பைக் காணவில்லை. தோல் தண்ணீரைப் போல இருந்தது.

"யாஜா," என்றார். அவளை அவர் கூப்பிடும் செல்லப் பெயர் அது. பிறகு, இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்லாத மகன் பெயரைச் சொன்னார். "மாரெக் ஞாபகம் இருக்கில்ல?"

"யாரது?"

"நம்ம பையன்."

அவள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நமக்கு ஏது பையன்? உனக்கு உடம்பு சரியில்லையா காஸ்?"

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாரெக்கைச் சுமந்தவள் ஒருத்திதான். இத்தனை காலம் பேசாமலே இருவரும் சேர்ந்து சுமந்த ஒன்றை இனி அவர் மட்டும் சுமக்க வேண்டும்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கட்டிலடியில் கைவிட்டு ரிவால்வரை எடுத்தார். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஆற்றில் எறிந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டபோது பின்னாலிருந்து இரண்டு இளம் கைகள் அவர் கழுத்தைச் சுற்றின.

"இருட்டிடுச்சே. இந்தக் குளிர்ல எங்க போறே? நாளைக்குப் போயேன்."

அவள் மூச்சு காதில் பட்டது. கல்யாணத்தன்று நடனத்தில் பட்ட அதே மூச்சு.

ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

கோட்டைக் கழற்றினார்.

அடுத்த நாள் யாத்விகா மத்தியானத்திலேயே படுத்துவிட்டாள். அதிகம் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எதையோ யோசிப்பவள் போலப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காஸிமிர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி சாம்பல் நிறமாகி, நீலமாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. கருகிய கொழுப்பு வாசனை வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக, தொண்டையில் படியும்படி. இழுப்புச் சத்தம் ஆரம்பித்தது.

கத்தி நின்றது.

சத்தம் கீழேயிருந்து வரவில்லை.

பக்கத்து அறையிலிருந்து வந்தது. நீளமாக. பொறுமையாக. இப்போது இரும்பின் மேல் இழுக்கும் சத்தமாகவும் இல்லை. மென்மையான எதன் மேலோ.

"யாஜா?"

இருமல்.

"யாஜா!"

ஓடினார். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். திறந்தது. அறையில் யாரும் இல்லை. விளக்கொளியில் இரும்புத் தூள் மெல்லிய புகையாக மிதந்து, படிந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். தோள் ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. கடவுளே, மூச்சு இருந்தது. தலையணையில் முடி இல்லை. ஒரு இழைகூட இல்லை.

"நான்தாம்மா. காஸ்."

குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள்.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இருந்த இடம் இல்லை. நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே வழவழப்பு. விளக்கு அதில் சின்னதாக எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில், சுருக்கம் சுருக்கமாக, வாயைப் பிளந்து அழுதுகொண்டு, அவருடைய முகம் தெரிந்தது.

அவர் கட்டிலோரம் முழங்காலிட்டார். ஓடத் தோன்றவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்தார். கதகதப்பாக இருந்தது. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. அந்தக் கை அவர் பிடியிலிருந்து மெல்ல விடுபட்டு, காற்றில் துழாவி, அவருடைய கன்னத்தைக் கண்டுகொண்டது. ஈரத்தைத் துடைத்தது. கண்ணோரத்துச் சுருக்கத்தின் மேல் வந்து நின்றது.

பிறகு, பொறுமையாக, அதைத் தேய்க்கத் தொடங்கியது.