கட்டளை நிலை

ஒரு கட்டளைக்கு ஒரு ஓகேதான் வரவேண்டும். இரண்டு வந்தது.

பம்பு அறையின் டியூப்லைட் ஒருமுறை இமைத்துவிட்டு மறுபடி எரிந்தது. மோட்டார் முனக, கிரீஸ் வாடையும் ஈரச்சுவரின் பூஞ்சை நெடியும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் லேப்டாப் திரையை உற்றுப் பார்த்தாள். ‘முதல் தொட்டி வால்வைத் திற’ என்று லேப்டாப்பில் செருகிய ரேடியோ மோடம் வழியாகத் தட்டி அனுப்பியிருந்தாள். ஓகே என்றது. மூச்சு விடுவதற்குள், யாரோ ஒத்து ஊதியதுபோல் இன்னொரு ஓகே.

“சுவத்துல பட்டு எதிரொலிக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் பிடரியில் ஏதோ ஊர்ந்தது.

இரண்டாம் தொட்டி காலி. நிலத்துக்குள் புதைந்த அந்தக் கான்கிரீட் குழியில் அவள் கணவன் அதன் வால்வுக்கு மோடம் பொருத்திக்கொண்டிருந்தான். ஏணி துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டதால், அவளேதான் அவனைக் கயிற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை மேலே சுருட்டி வைத்து, தூறல் விழாமலிருக்க இரும்பு மூடியையும் சாத்தியிருந்தாள். கிணற்றைக் கண்டாலே காத தூரம் ஓடுகிறவன் அவன். காலித் தொட்டி என்பதால்தான் சம்மதித்தான். உள்ளே செல்போன் எடுக்காது. மணிக்கட்டில் கட்டிய, சின்னத் திரை கொண்ட விசைப்பலகையில் அவன் தட்டுவது மோடம் வழியாக இவள் திரைக்கு வரும்.

கொஞ்சம் முன்பு வந்ததெல்லாம் இதுதான்:

‘இஞ்சினியரம்மா, உள்ள ஒரு தவளை இருக்கு. அப்படியே உங்கம்மா சாயல்.’

காலையிலேயே அம்மாவை வைத்துத்தான் சண்டை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்து மோடத்தைக் கட்டளை நிலைக்கு மாற்றினாள். அந்த நிலையில் அது கட்டளைக்கு மட்டுமே காது கொடுக்கும். வெளியிலிருந்து வரும் பேச்சைத் திரையில் காட்டாமல் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொள்ளும். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பேச்சுக்குத் திரும்பிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் எக்கச்சக்கமாக நீட்டி வைத்தாள்.

“இப்ப கத்திக்கிட்டே கிட, ராசா.”

அதன்பிறகுதான் வால்வைத் திறந்தாள். அதன்பிறகுதான் அந்த இரண்டாவது ஓகே.

ஆன்டெனாவைத் திருகினாள். சிக்னலை அளந்தாள். வயரை உருவி மாட்டினாள். அரைமணி நேரம் போனது. தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. முதல் தொட்டிதான், வேறென்ன? கடைசியில், வேறு வழி தோன்றாமல், இரண்டு வால்வுகளின் மோடங்களிடமும் அவற்றின் முகவரி எண்ணைக் கேட்டாள்.

ஏழு.

ஏழு.

நேற்று சோம்பேறித்தனமாக முதல் மோடத்தின் அமைப்பை அப்படியே இரண்டாவதில் நகல் எடுத்தது அவள்தான். எண்ணை மட்டும் மாற்ற மறந்திருந்தாள். ஒரே எண். ஒரே கட்டளை. இரண்டு வால்வும் திறந்திருக்கிறது.

‘மூடு.’

ஓகே. ஓகே.

பேச்சுக்கு மாறினாள். அடக்கி வைத்ததையெல்லாம் மோடம் ஒரேயடியாகக் கக்கியது. வரிக்கு ஒரு பீப்.

‘ஏய், குழாய் இருமுது.’

‘தண்ணி வருதுடி.’

‘விளையாடாத.’

‘முழங்கால்.’

‘உங்கம்மா தங்கம். தெய்வம். கயித்த போடு.’

‘கழுத்து.’

‘மூடு மூடு மூடு’

அப்புறம் எழுத்தாக இல்லாத எழுத்துகள். அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடினாள்.

தொட்டி வாயின் இரும்பு மூடியைப் புரட்டினாள். விளிம்பு வரை கறுப்புத் தண்ணீர். அதில் அவன், மல்லாக்க. உயிரோடு ஏறமுடியாத உயரத்துக்குத் தண்ணீரே அவனைத் தூக்கி வந்திருந்தது.

காலரைப் பிடித்து இழுத்தாள். சிமென்ட் தரையில் சாய்த்தாள். மார்பை அமுக்கினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை. மறுபடி. வரவில்லை.

“என்னங்க... எந்திரிங்க. என்னங்க!”

திறந்த கண்கள் மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு நீலம். கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. தோல் மட்டும். ஈரம் மட்டும்.

பம்பு அறையில் லேப்டாப் கூப்பிட்டது.

பீப்.

அவள் அசையவில்லை. ஏதாவது பழைய வரி மிச்சம் இருக்கும். வழியில் தங்கியிருக்கும்.

பீப்.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏதோ மெல்லச் சொடுக்கியது. பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

மார்பு அசையவில்லை. இமை அசையவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, இடது மணிக்கட்டில் விசைப்பலகை. ஊறிச் சுருங்கி வெளுத்த வலது கட்டைவிரல் மட்டும் எழும்பியது. நகர்ந்தது. ஒரு விசையைத் தேடி அழுத்தியது.

சின்னத் திரையில் வெளிச்சம்.

‘இப்ப கேக்குதா?’

விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.