டூட்டிக்கல்

பெடல் கீழே இறங்கியிருந்தது.

கலைமணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். டிரைவர் சீட்டுக்கு முன்னால், தரையோடு தரையாக, யாரோ மிதித்துக்கொண்டிருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே கிடந்தது. அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதை எந்நேரமும் மேலே தள்ளும். காலை எடுத்த மறுநொடி டப்பென்று எழும். முப்பத்துமூன்று வருடம் பூட்டிக் கிடந்த வண்டி, ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குனிந்து விரலைக் கொடுத்துத் தூக்கினார். எண்ணெய் போட்டதுபோல் சுகமாக எழுந்தது. விரலை எடுத்ததும் அவசரமே இல்லாமல் மெல்ல இறங்கிப் படுத்துக்கொண்டது.

"இதுதான் அந்தப் பெடலா சார்?" பின்னாலிருந்து ராதிகா கேட்டாள்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "ஆமாங்கம்மா. டெட்மேன் பெடல்னு சொல்லுவாங்க."

ராதிகா ரயில் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தாள். பாலக்கோட்டுக்கு வெளியே மூடிக் கிடந்த வெள்ளைக்கல் ஆலையின் ஷெட்டில் இப்படி ஒரு டீசல் ரயில் லோகோ நிற்கிறது என்று அவளுக்கு எழுதிப் போட்டது வேறு யாருமில்லை, கலைமணியின் மகள் ஜெயபிரியா. அரசுப் பள்ளியில் டீச்சர். "எங்கப்பா ஓட்டின வண்டிங்க" என்று பெருமையாக எழுதியிருந்தாளாம். அவளே ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கி, கேபின்வரை ஏறிப் பார்த்துவிட்டு, மார்க்கெட் வரைக்கும் போய்விட்டு ஆறு மணிக்குள் வருகிறேன் என்று போயிருந்தாள்.

பார்க்க லோகோ மாதிரியே இருக்காது அது. மூக்கு கிடையாது, முதுகு கிடையாது. சக்கரத்தின் மேல் வைத்த இரும்புப் பீரோ. முன்னால் ஒரு கேபின், பின்னால் ஒரு கேபின், நடுவில் நீளமாக ஒரு இன்ஜின் அறை. ராதிகாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு ஆசை. இரும்பைத் தடவித் தடவிப் பேசினாள்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல டீசல் ரயில் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. ஊருக்குள்ள நீராவி இன்ஜின் புகை விடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அப்ப ஒரு டீசல் இன்ஜினைத் தூக்கிப் பெட்டிக்குள்ள வெச்சு, அதுல ஜெனரேட்டரைச் சுத்தவிட்டு, அந்தக் கரண்ட்ல சக்கரத்தை ஓட்டினாங்க. வடிவம் பத்தியெல்லாம் யாரும் யோசிக்கல. கரண்ட் வண்டிக்கு ஏற்கெனவே பெட்டி உடம்பு இருந்துச்சு, அதையே எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் கேபின் இருக்கிறதால வண்டியைத் திருப்பவே வேண்டாம். அதைவிட முக்கியம், நீராவி வண்டிக்குக் கரி அள்ளிப்போட ஒரு ஆள் வேணும், ஓட்ட ஒரு ஆள் வேணும். இதுக்கு ஒரே ஆள் போதும்."

"ஆமாங்க, நான் ஒருத்தன்தான்."

"அந்த ஒரே ஆள் மயங்கி விழுந்துட்டா? செத்தே போயிட்டா? அதுக்குத்தானே இந்தப் பெடல். கால் எடுபட்டா காத்து இறங்கி பிரேக் பிடிச்சுக்கும். எவ்வளவு நல்ல புத்தி பாருங்க!"

நல்ல புத்திதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தவன் எட்டு மணி நேரம் ஒரே காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. தொடை மரத்துப்போகும், இடுப்பு விட்டுப்போகும். அதனால் இந்த ஆலையின் டிரைவர்கள் தங்கள் புத்தியைக் காட்டியிருந்தார்கள். குவாரியிலிருந்து ஒரு வெள்ளைக்கல், நல்ல பூசணி அளவு. பெடலில் ஆடாமல் உட்கார அடிப்பக்கத்தைக் கல்லுடைப்பவனிடம் கொடுத்துக் கொத்தி வைத்திருந்தார்கள். டூட்டிக்கல் என்று பேர். ஷிஃப்ட் மாறும்போது, "கல்லு டூட்டில இருக்குது, நீ போய் டீ குடிச்சுட்டு வா" என்பான் ஒருத்தன், மற்றவன் சிரிப்பான். வண்டியை நடை வேகத்தில் விட்டுவிட்டு, கல்லைப் பெடலில் வைத்துவிட்டு, இறங்கிப்போய் ஒண்ணுக்கு அடித்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம். எல்லாரும்தான் செய்தார்கள். கலைமணியும் செய்தார்.

ராதிகா கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். "சார், தொண்ணூத்தொண்ணுல ஒரு விபத்துன்னு ஆலை ரிஜிஸ்டர்ல இருக்கு. செல்லன்னு ஒருத்தர் இறந்துட்டாராம். ஷண்டிங் ஆள், வேகன் மாட்டிக் கழட்டுறவர். வண்டிக்கு முன்னாடி வைக்கிற போர்டுல அதையும் எழுதணும்னு எனக்கு ஆசை. அன்னிக்கு நீங்கதான் டிரைவரா?"

கலைமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பத்துமூன்று வருடத்தில் இந்தக் கேள்வி எத்தனையோ பேர் கேட்டாயிற்று; பதில் மனப்பாடம்.

"நான்தாங்க. அவன் தப்புங்க அது. சிக்னல் குடுக்காம கொக்கி மாட்டக் குறுக்க வந்துட்டான். நான் காலை எடுத்துட்டனுங்க, ஆனா வண்டி நிக்கறதுக்குள்ள..."

உஸ்ஸ்ஸ்.

காலடியிலிருந்து ஒரு நீண்ட மூச்சு. காற்று இறங்கும் சத்தம். டேங்கில் காற்றே இல்லாத, ஆலை மூடியபோதே இன்ஜினையும் கம்ப்ரசரையும் கழற்றி விற்றுவிட்ட வண்டியில்.

"கேட்டுச்சுங்களா?" என்றார்.

"என்னது சார்?" ராதிகா எழுதிக்கொண்டிருந்தாள். 'ஷண்டிங் ஊழியரின் கவனக்குறைவால்' என்று அவள் எழுதுவது அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

ஐந்தரைக்கு அவள் கிளம்பினாள். காலையில் கிரேன் வருகிறதாம். அதற்கு முன்னால் தரைத் தகடு வரைக்கும் எல்லாவற்றையும் பிரித்துப் படமெடுத்துப் பட்டியல் போடுவார்களாம். பூட்டிச் சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிடச் சொன்னாள். கார் சத்தம் தேய்ந்து போனபிறகும் கலைமணி அசையவில்லை.

தரைத் தகடு வரைக்கும். அவர் இங்கே வர ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். அன்றைக்குச் செல்லன் கத்தியபோது கலைமணி வண்டியிலேயே இல்லை. வேப்பமரத்தடியில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடிவந்து ஏறிக் கல்லைத் தூக்கிய பிறகுதான் வண்டி நின்றது. ஆட்கள் ஓடிவருவதற்குள் இன்ஜின் அறைத் தகட்டைத் தூக்கி உள்ளே கல்லைப் போட்டு மூடினார். போலீஸ் வந்தது, ஷெட்டைப் பூட்டினார்கள், ஆலையும் அதே வருடம் மூடிப்போனது. அடியில் கொத்தின கல்லை ராதிகா பார்த்தால், பெடலில் ஒருமுறை வைத்துப் பார்த்தால், அந்தப் புத்திசாலிப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஊர் பேசினால் பேசட்டும். ஜெயிலே என்றாலும் சரி. மகள் பிரியாவுக்குத் தெரியக்கூடாது. செல்லன் பெண்டாட்டி சின்னபொண்ணு இன்னும் அடுத்த ஊரில்தான் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் பிரியா அங்கே புடவையும் அரிசியும் கொண்டுபோவாள். "உங்க சிநேகிதர் வூடாச்சே அப்பா" என்பாள். அவள் முகத்தில் அந்த மரியாதை இல்லாமல் ஒரு நாள்கூடத் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று கலைமணிக்குத் தோன்றியது.

கேபினுக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்து இன்ஜின் அறைக்குள் நுழைந்தார். இன்ஜின் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. பழைய டீசல் வாசனையும் வௌவால் எச்சமும், வெளியே ரோட்டோரம் விலை போகாமல் கொட்டி வைத்த தக்காளி அழுகும் புளித்த நாற்றமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. கூரை ஓட்டையில் விழுந்த சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வந்து, அவர் நடக்க நடக்க அவர் கைமேல் ஒவ்வொரு பட்டையாக ஏறி இறங்கியது. மூன்றாவது தகடு. கை மறக்கவில்லை. நகத்தைக் கொடுத்துத் தூக்கினார்.

கல் இல்லை.

தூசி ஒரு விரற்கடை உயரம் படிந்திருந்தது. நடுவில் மட்டும் பூசணி அளவுக்கு ஒரு வட்டம், பளபளவென்று, துடைத்த தட்டுப்போல. நேற்றுவரை அங்கே ஏதோ இருந்திருக்கிறது.

யாராவது எடுத்திருப்பார்கள். யார் எடுப்பார்கள்? பூட்டின ஷெட். தகட்டை மூடாமலே எழுந்தார். முன் கேபினுக்குத் திரும்பி வந்தார்.

பெடல் இப்போது மேலே இருந்தது.

கலைமணிக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் இருபது வயதிலிருந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்த உடம்பு. இறங்கும் கதவு சீட்டுக்கு அந்தப் பக்கம்; சீட்டைச் சுற்றிப் போகையில், மேலே நின்ற பெடலில் வலது கால் தானாகப் போய்விட்டது. ஒரே ஒரு அடி. பெடல் அவர் பாதத்தோடு இறங்கியது.

காலை எடுத்தார். வரவில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டதாக நினைத்து இழுத்தார். வரவில்லை. பாதத்தின்மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. தன் கால், நரம்பு புடைத்த பாதம், ரப்பர் செருப்பு. ஆனால் சதை அமுங்கியிருந்தது. சில்லென்ற கனம். கையால் தள்ளினார், கை வெறும் காற்றில் போனது. கனம் மட்டும் அங்கேயே இருந்தது. அதன் அடிப்பக்க விளிம்பு புறங்காலில் அழுந்தியது. கொத்தின விளிம்பு. அந்த விளிம்பை அவருக்குத் தெரியும்.

"ஐயோ, செல்லா," என்றார் மெதுவாக.

டக். வெளியே சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டை ஒன்று விழுந்தது.

டக். இன்னொன்று.

ஷெட் நகர்ந்தது. இல்லை. ஷெட் நகரவில்லை. இன்ஜின் இல்லாத, பேட்டரி இல்லாத வண்டி, ஒரு சத்தமும் இல்லாமல், நகர்ந்தது. நடை வேகம்கூட இல்லை. முன்னால், பத்துப் பதினைந்து அடி தூரத்தில், அதே தண்டவாளத்தில் ஒரு பழைய டேங்கர் வேகன் நின்றது. இடிக்கட்டும், இடித்தால் நின்றுவிடும் என்று நினைத்தார்.

அப்போது ஷெட் வாசலில் நிழல் விழுந்தது.

பிரியா. ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் செல்போன். அண்ணாந்து கேபினைப் பார்த்துக் கையசைத்தாள். வாசலிலிருந்து கேபின் படிக்கு வர ஒரே குறுக்கு வழிதான். வேகனுக்கும் லோகோவுக்கும் நடுவில் தண்டவாளத்தைத் தாண்டி வரவேண்டும். மத்தியானம் அவர்தான் அவளை அப்படிக் கூட்டிவந்தார்.

பிரேக் கைப்பிடியை இழுத்தார். கையோடு கழன்று வந்தது. ஜன்னலை அறைந்தார். தூசிக் கண்ணாடி. அறைந்தது கையசைத்ததுபோல் இருந்திருக்கும். பிரியா சிரித்தாள். தண்டவாளத்தை நோக்கி நடந்தாள்.

காலை எடுத்தால் நிற்கும். காலை எடுத்தால் போதும். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தார். எலும்பு மளுக்கென்றது. கனம் கூடியது. பொய் சொன்ன நேரத்திலிருந்துதான் இது, உண்மையைச் சொன்னால் இறங்கிப்போகும், செல்லன் நல்லவன், சொன்னால் விட்டுவிடுவான். கலைமணி கண்ணை இறுக மூடினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"நான்தாண்டா செல்லா! நான் வண்டியிலயே இல்லடா! கல்லை வெச்சுட்டு எறங்கிட்டேன்! நீ சிக்னல் குடுத்தடா, பாக்க அங்க ஆளே இல்ல! உன்மேல பழியப் போட்டது நான்தாண்டா! என்னை விட்ருடா! உட்ருடா சாமி!"

இரும்புப் பெட்டி முழுக்க அந்தக் குரல் மோதியது. கூரையில் வௌவால்கள் சடசடத்தன. தொண்டை கிழிந்து உப்புக் கரித்தது.

பிறகு அமைதி.

கண்ணைத் திறந்தார்.

பிரியா நின்றுவிட்டிருந்தாள். இரண்டு எட்டு வைத்திருந்தால் தாண்டிப் போயிருப்பாள். தண்டவாளத்தின் நடுவில், அசையாமல் நின்றாள். முதுகுக்குப் பின்னால் வேகனின் கொக்கி. மஞ்சள் பை கைநழுவி விழுந்து தக்காளிகள் சரளைக்கல்லில் உருண்டன. அவற்றை அவள் பார்க்கவில்லை. ஜன்னலை, அவர் முகத்தை, அவர் முகத்தை மட்டுமே பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "இப்ப என்னா சொன்னீங்க?"

தள்ளிப் போ என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் மொத்தமும் செல்லனுக்கே செலவாகியிருந்தது. கையை ஆட்டினார். பிரியா நகரவில்லை. அவள் கண்ணில் முதல்முறையாக வேறொன்று வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் அவர் முப்பத்துமூன்று வருடமாகப் பயந்தார். இப்போது அதைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை.

வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான்கு அடி.

கீழே பார்த்தார். புறங்காலில் வெள்ளையாகக் கல்தூள் படிந்திருந்தது. அதன்மேல், பொறுமையாக, இன்னும் கொஞ்சம் கனம் ஏறியது.

மூன்று அடி.

"சொல்லுங்கப்பா," என்றாள் பிரியா, அதே இடத்தில் நின்றபடி.